பெரிய கோப்பு பாதியில் நின்றால்: லினக்ஸில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

டேட்டாபேஸ் டம்ப், கேமராவிலிருந்து இறக்கிய வீடியோ, விர்ச்சுவல் மெஷின் இமேஜ். பெரிய கோப்பில் சிக்கல் என்று என்னிடம் வருவதில் பெரும்பாலானவை இந்த மூன்று வகைதான். வரும்போதே "கெர்னல்ல பக் இருக்கு போல" என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) உண்மையிலேயே பிழை இருந்த சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அங்கே போய்ச் சேருவதற்குள் பத்தில் ஒன்பது சிக்கல்கள் வழியிலேயே தீர்ந்துவிடும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: கோப்பு எத்தனையாவது பைட்டில் நின்றது என்ற முழு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 'எல்எஸ் -எல்எச்' போட்டால் 2.0ஜி என்று உருட்டிக் காட்டிவிடும். 'எச்' இல்லாமல் 'எல்எஸ் -எல்' போடுங்கள். 2147483647 என்று வந்தால் ஒரு நோய், 2147479552 என்று வந்தால் வேறு நோய். இரண்டுமே 'எச்' போட்டால் 2.0ஜி என்றுதான் தெரியும். அரைகுறையாக நின்ற கோப்பை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். அதன் அளவுதான் உங்கள் முதல் சாட்சி.

இரண்டாவது வேலை, 'டிமெஸ்ஜி' (கெர்னல் குறித்துவைக்கும் செய்திகளைக் காட்டும் கட்டளை) போட்டு, கோப்பு நின்ற நேரத்தை ஒட்டி ஏதாவது செய்தி இருக்கிறதா என்று பார்ப்பது. அதில் ஐ/ஓ எர்ரர் (டிஸ்க்கில் படிக்கவோ எழுதவோ முடியாத பிழை) என்று ஒரு வரி இருந்தாலும், கீழே உள்ளதையெல்லாம் தாண்டி நேராக "அளவு சரி, உள்ளடக்கம் தவறு" பகுதிக்குப் போங்கள்.

(கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

## அறிகுறி: கோப்பு 2147483647 பைட்டில் நின்றுவிட்டது

"ஃபைல் டூ லார்ஜ்" என்ற செய்தி கூடவே வரும். சில புரோகிராம்கள் அதைக்கூடச் சொல்லாமல் அமைதியாக முடிந்துவிடும்.

முதலில் புரோகிராமைப் பாருங்கள். 'ஃபைல்' கட்டளைக்கு அந்தப் புரோகிராமின் பாதையைக் கொடுத்தால் 32-பிட்டா, 64-பிட்டா என்று சொல்லிவிடும். 32-பிட் என்று வந்தால் பெரும்பாலும் அதோடு விசாரணை முடிந்தது. அதன் 64-பிட் பதிப்பை நிறுவுங்கள். சோர்ஸ் கையில் இருந்து நீங்களே கம்பைல் செய்வதாக இருந்தால், 'ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ்' மேக்ரோவை 64 என்று வைத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். அதோடு விட்டுவிடக் கூடாது. உள்ளே 'எஃப்சீக்', 'எஃப்டெல்' இருந்தால் அவற்றை 'எஃப்சீக்கோ', 'எஃப்டெல்லோ' என்று மாற்ற வேண்டும். முதல் இரண்டும் 'லாங்' வகையில் கணக்கு வைக்கின்றன; 32-பிட்டில் 'லாங்' அதே 2 ஜிபியில் முட்டிக்கொள்ளும்.

புரோகிராம் 64-பிட், ஆனாலும் அதே இடத்தில் நிற்கிறதா? 'ஸ்ட்ரேஸ்' (புரோகிராம் கெர்னலைக் கூப்பிடும் ஒவ்வொரு அழைப்பையும் காட்டும் கருவி) கீழே ஓட்டுங்கள். கடைசி 'ரைட்' அழைப்பு பிழையோடு திரும்பினால் கெர்னல் மறுத்திருக்கிறது. பிழையே வராமல் புரோகிராம் தானாகவே எழுதுவதை நிறுத்தியிருந்தால், உள்ளே யாரோ அளவை 'இன்ட்' வகையில் வைத்திருக்கிறார்கள். அது புரோகிராமை எழுதியவர் திருத்த வேண்டியது.

கோப்பு நெட்வொர்க் டிரைவில் இருந்தால் 'மவுன்ட்' பட்டியலைப் பாருங்கள். என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்பைப் பகிரும் முறை) பதிப்பு 2 என்று இருந்தால் 2 ஜிபிதான் உச்சம். பதிப்பு 3 அல்லது 4 என்று குறிப்பிட்டு மறுபடி மவுன்ட் செய்யுங்கள். பழைய ஸ்டோரேஜ் பெட்டி அதற்கு ஒத்துவரவில்லை என்றால் பெட்டியை மாற்றுவதுதான் வழி. அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

லினக்ஸ் கெர்னலில் 2 ஜிபி சுவர் 2001 ஜனவரியில் வந்த 2.4 பதிப்போடு உடைந்துவிட்டது. இன்றைய டிஸ்ட்ரோவில் (டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பு) இந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கெர்னலைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

### நின்ற எண் 2147479552 என்றால்

முந்தைய எண்ணைவிடச் சுமார் 4 கேபி குறைவு. லினக்ஸில் ஒரே ஒரு 'ரைட்' அல்லது 'ரீட்' அழைப்பில் இவ்வளவுதான் போகும், 64-பிட் மெஷினிலும்கூட. அதற்கு மேல் கேட்டால் கெர்னல் பிழை சொல்லாது. "இவ்வளவு எழுதினேன்" என்று எண்ணிக்கையைத் திருப்பிக் கொடுக்கும். மிச்சத்தை மறுபடி அனுப்புவது புரோகிராமின் பொறுப்பு. திரும்பி வந்த எண்ணைப் பார்க்காத புரோகிராம், எல்லாம் எழுதியாச்சு என்று நினைத்துக் கோப்பை மூடிவிடும். உங்கள் கோடாக இருந்தால் 'ரைட்' அழைப்பை ஒரு லூப்பில் போடுங்கள். பயனருக்கு எந்தப் பிழைச் செய்தியும் வராமலே தரவு போய்விடுவதால், இந்தப் பகுதியில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.

### கோப்பைத் திறக்கவே முடியவில்லை

"வேல்யூ டூ லார்ஜ் ஃபார் டிஃபைன்ட் டேட்டா டைப்" என்று வந்தால், 64-பிட் உலகம் எழுதிய கோப்பை 32-பிட் புரோகிராம் திறக்கப் பார்க்கிறது. தீர்வு மேலே சொன்னதுதான்.

ஆனால் இதில் ஒரு கிளை உண்டு. சில சமயம் 10 கேபி கோப்புக்கே இந்தச் செய்தி வரும், பார்ப்பவர் குழம்பிப்போவார். அங்கே பெரிதாக இருப்பது கோப்பின் அளவில்லை, அதன் ஐநோட் எண் (ஃபைல்சிஸ்டம் ஒவ்வொரு கோப்புக்கும் கொடுக்கும் உள் அடையாள எண்). எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் 3.7 கெர்னலிலிருந்து இயல்பாகவே 64-பிட் ஐநோட் எண்களைக் கொடுக்கிறது. பெரிய டிஸ்க்கில் அந்த எண் 32 பிட்டுக்குள் அடங்காமல் போகும்போது பழைய புரோகிராம் தடுமாறுகிறது. 'எல்எஸ் -ஐ' போட்டு ஐநோட் எண் 4294967295-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். புரோகிராமை மாற்றவே முடியாது என்றால் அந்தக் கோப்பை மட்டும் சிறிய வேறொரு பார்ட்டிஷனுக்கு நகர்த்திவிடலாம்.

## அறிகுறி: 4294967295 பைட்டில் நின்றுவிட்டது

கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஃபேட்32-இல் ஒரு கோப்பின் உச்ச அளவு இதுதான். 64 ஜிபி டிரைவில் 60 ஜிபி காலியாக இருந்தாலும் ஒரு பைட்கூட அதிகம் ஏறாது.

'டிஎஃப் -டி' போட்டு டிரைவுக்கு நேரே 'விஃபேட்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்ளே இருப்பதை எடுத்துவைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள். 5.7 கெர்னலிலிருந்து எக்ஸ்ஃபேட்டுக்கு நல்ல டிரைவர் உள்ளேயே இருக்கிறது. டிவி பெட்டிக்கு எக்ஸ்ஃபேட் புரியவில்லை என்றால் வீடியோவை இரண்டாக வெட்டித்தான் ஆக வேண்டும். வெறும் தரவு என்றால் 'ஸ்ப்ளிட் -பி 4000எம்' போட்டுத் துண்டாக்கி, போன இடத்தில் 'கேட்' கொண்டு ஒட்டிவிடலாம்.

ஃபேட்32 இல்லை, ஆனாலும் 4 ஜிபியில் தகராறு என்றால் ஜிப் கோப்பா என்று பாருங்கள். பழைய ஜிப் அமைப்பின் வரம்பும் 4 ஜிபிதான். 'அன்ஜிப்' 6.0-க்கு முந்தையதாக இருந்தால் புதியது போடுங்கள். 'டார்' என்றால் எல்லை 8 ஜிபி. பழைய 'யுஸ்டார்' வடிவத்தில் கட்டச் சொல்லியிருக்கிறார்களா என்று ஸ்கிரிப்டைப் பாருங்கள்.

இன்னொன்று: கோப்பு முழுதாக இருக்கிறது, ஆனால் ஏதோ ஒரு புரோகிராம் மட்டும் அளவைக் குறைத்துக் காட்டுகிறது. காட்டும் எண்ணோடு 4294967296-ஐக் கூட்டிப் பாருங்கள். 5368709120 பைட் கோப்பை 1073741824 என்று காட்டினால், தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை, காட்டும் புரோகிராமுக்குத்தான் கணக்கு வரவில்லை.

## அறிகுறி: ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் நிற்கிறது, ஆனால் எண் மேலே உள்ளவற்றில் இல்லை

யாரோ வைத்த வரம்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

'யூலிமிட் -எஃப்' போடுங்கள். 'அன்லிமிடெட்' என்று வர வேண்டும். எண் வந்தால், பாஷ் ஷெல்லில் அது 1024 பைட் கணக்கு. பெருக்கினால் நின்ற எண்ணோடு ஒத்துப்போகும். புரோகிராம் "ஃபைல் சைஸ் லிமிட் எக்ஸீடட்" என்று சொல்லிச் செத்திருக்கும், வெளியேறும் குறி 153 ஆக இருக்கும். சர்வீஸாக ஓடும் புரோகிராம் என்றால் உங்கள் ஷெல்லில் பார்த்துப் பயனில்லை. சிஸ்டம்டி யூனிட் கோப்பில் 'லிமிட்எஃப்சைஸ்' என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் புராசஸுக்கு 'ப்ராக்' அடைவில் அதன் எண்ணுக்குக் கீழே உள்ள 'லிமிட்ஸ்' கோப்பு உண்மையைச் சொல்லும்.

அப்புறம் டிஸ்க் கோட்டா. ஆபீஸ் சர்வரில் 'கோட்டா' கட்டளை போதும். அட்மினிடம் கேட்டு உயர்த்திக்கொள்ளுங்கள்.

நின்ற எண் 17247252480 என்றால் அது தனிக் கதை. 1 கேபி பிளாக் வைத்த எக்ஸ்ட்3 பார்ட்டிஷனில் ஒரு கோப்பு அதுவரைதான் வளரும். 'டியூன்2எஃப்எஸ் -எல்' போட்டு 'பிளாக் சைஸ்' வரியைப் பாருங்கள். முதலில் சின்னதாக உருவாக்கிப் பிறகு பெரிதாக்கிய பார்ட்டிஷன்களில் இது நடக்கும், ஏனென்றால் பெரிதாக்கும்போது பிளாக் அளவு மாறாது. பேக்கப் எடுத்து, 4 கேபி பிளாக்கோடு எக்ஸ்ட்4-ஆக மறுபடி ஃபார்மேட் செய்வதைத் தவிரக் குறுக்குவழி இல்லை.

## அறிகுறி: "இடமில்லை" என்கிறது, ஆனால் டிஸ்க்கில் இடம் இருக்கிறது

'டிஎஃப் -எச்' சரியான பார்ட்டிஷனுக்குத்தான் பார்க்கிறீர்களா என்று முதலில் உறுதி செய்யுங்கள். தற்காலிக அடைவு பல டிஸ்ட்ரோக்களில் ராமிலேயே இருக்கிறது, இயல்பாக மொத்த ராமில் பாதிதான் அதன் அளவு. 8 ஜிபி ராம் உள்ள மெஷினில் 6 ஜிபி கோப்பை அங்கே விரித்தால் இடமில்லை என்றுதான் சொல்லும். தற்காலிக அடைவை வேறிடத்துக்கு மாற்றிக் காட்டுங்கள்.

பிறகு 'டிஎஃப் -ஐ', ஐநோட் தீர்ந்திருக்கலாம். அழித்த பெரிய லாகை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கலாம். 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' காட்டும், அந்தப் புரோகிராமை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பி வரும். எக்ஸ்ட்4-இல் 5 சதவீதம் ரூட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பதையும் கணக்கில் எடுங்கள். 4 டிபி டிஸ்க்கில் அது 200 ஜிபி.

விர்ச்சுவல் மெஷின் இமேஜ் என்றால் 'டியூ' காட்டும் அளவும் 'எல்எஸ்' காட்டும் அளவும் ஒன்றா என்று பாருங்கள். 500 ஜிபி என்று பெயருக்கு இருந்தாலும் உள்ளே 40 ஜிபிதான் நிரம்பியிருக்கும். காப்பி செய்யும்போது வெற்றிடத்தையும் பூஜ்யமாக எழுதிவிட்டால் சேருமிடம் நிரம்பிவிடும். 'ஆர்சிங்க்'-இல் '--ஸ்பார்ஸ்' சேர்த்தால் சரியாகும்.

## அறிகுறி: காப்பி 100 சதவீதம் முடிந்தது என்கிறது, மெஷின் உறைந்து நிற்கிறது

உறைந்துவிட்டது என்று பென்டிரைவைப் பிடுங்கிவிடாதீர்கள். தரவு இன்னும் ராமில்தான் இருக்கிறது. 'மெம்இன்ஃபோ'-வில் 'டர்ட்டி' என்ற வரியை 'வாட்ச்' வைத்துப் பாருங்கள். எண் மெதுவாகக் குறைந்துகொண்டே வந்தால் எல்லாம் நலம், மெதுவான டிரைவுக்கு எழுதிக்கொண்டிருக்கிறது. 'சிங்க்' போட்டுவிட்டு அது திரும்பி வரும்வரை காத்திருங்கள்.

இது தினசரித் தொல்லையாக இருந்தால், எழுதாமல் தேக்கி வைக்கும் அளவைக் குறைக்கலாம். இயல்பாக, பயன்படுத்தக்கூடிய நினைவகத்தில் 20 சதவீதம்வரை தேங்க விடுகிறது. ராம் அதிகமுள்ள மெஷினில் அது பல ஜிபி. 'சிஸ்சிடிஎல்' (கெர்னல் அமைப்புகளை மாற்றும் கட்டளை) கொண்டு 'விஎம்.டர்ட்டி_பைட்ஸ்' அளவை 256 எம்பி, 'விஎம்.டர்ட்டி_பேக்கிரவுண்ட்_பைட்ஸ்' அளவை 64 எம்பி என்று வைத்துப் பாருங்கள். காப்பியின் வேகம் கூடாது. ஆனால் காட்டும் சதவீதம் உண்மையைச் சொல்லும், மற்ற வேலைகளும் நகரும்.

'டர்ட்டி' எண் அசையவே இல்லை, டிமெஸ்ஜியில் "120 வினாடிக்கு மேல் பிளாக்ட்" என்ற செய்தி வருகிறது என்றால் டிரைவையோ கேபிளையோ சந்தேகப்படுங்கள். வேறு போர்ட், வேறு கேபிள், அப்புறம் 'ஸ்மார்ட்சிடிஎல் -ஏ'. பென்டிங் செக்டர் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அந்த டிஸ்க்கை நம்பி இனி எதையும் எழுதாதீர்கள்.

## அறிகுறி: அளவு சரி, உள்ளடக்கம் தவறு

இங்கேதான் நிதானம் தேவை. மற்ற எல்லா அறிகுறியிலும் மெஷின் ஏதோ ஒரு விதத்தில் சொல்லிவிடுகிறது. இதில் பெரும்பாலும் சொல்லாது. வீடியோ நடுவில் கட்டம்கட்டமாக உடையும், டம்ப் மீட்கும்போது பாதியில் சிதறும், 'ஷா256சம்' (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை எண்) ஒத்துவராது.

முதல் கேள்வி: ஒரே கோப்புக்கு இரண்டு முறை 'ஷா256சம்' போட்டால் ஒரே விடை வருகிறதா? முதல் முறைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் 'ட்ராப்_கேஷஸ்' கோப்பில் (ராமில் தேங்கிய நகல்களைக் காலி செய்யச் சொல்லும் கெர்னல் கோப்பு) 3 என்று எழுதிவிடுங்கள். இல்லையென்றால் டிஸ்க்கைத் தொடாமல் ராமில் இருப்பதையே மறுபடி படித்துக் கொடுத்துவிடும், சோதனையே வீண்.

### விடை ஒவ்வொரு முறையும் மாறுகிறது

ராம் அல்லது கேபிள். மெஷினை ஒரு ராத்திரி முழுக்க 'மெம்டெஸ்ட்86+' ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமைக் கழற்றுங்கள். "ஒண்ணுதானே" என்று விடக் கூடாது. பெரிய கோப்பு ராம் முழுக்கத் தடவிக்கொண்டு போவதால்தான் அந்த ஒரு பிட் உங்களுக்குத் தெரியவந்தது. ராம் சுத்தம் என்றால் சாட்டா கேபிளை மாற்றுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம்.

### விடை மாறவில்லை, ஆனால் மூலத்தோடு ஒத்துவரவில்லை

'சிஎம்பி' போட்டு முதல் வித்தியாசம் எத்தனையாவது பைட்டில் என்று பாருங்கள். அந்த எண் மறுபடியும் உங்களுக்கு வழிகாட்டும்.

பென்டிரைவ் அல்லது மெமரி கார்டு என்றால் போலிச் சரக்காக இருக்கலாம். உள்ளே 32 ஜிபி, மேலே ஒட்டியிருப்பது 256 ஜிபி. 'எஃப்3ரைட்', பிறகு 'எஃப்3ரீட்' ஓட்டினால் உண்மை அளவு வெளியே வந்துவிடும். வந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பெரிய டிஸ்க்கை யூஎஸ்பி பெட்டியில் போட்டிருந்தால், சிதைவு டிஸ்க்கின் 2199023255552-ஆவது பைட்டைத் தாண்டி எழுதத் தொடங்கிய பிறகுதான் வந்ததா என்று யோசியுங்கள். பழைய யூஎஸ்பி பெட்டிகளின் சிப்புக்கு 2 டிபிக்கு மேல் முகவரி தெரியாது. சில பெட்டிகள் அதற்கு மேல் போனால் சுற்றிவந்து டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதிவிடும். உடனே பெட்டியைக் கழற்றிவிட்டு டிஸ்க்கை நேரடியாக சாட்டாவில் மாட்டுங்கள். ஃபைல்சிஸ்டம் தொடக்கமே அழிந்திருந்தால் 'எஃப்எஸ்சிகே' (ஃபைல்சிஸ்டத்தைப் பழுதுபார்க்கும் கட்டளை) ஓட்டாதீர்கள். முதலில் 'டிடிரெஸ்க்யூ' கொண்டு முழு நகல், எந்த முயற்சியும் அந்த நகலின் மேல்தான். தரவு விலைமதிப்பற்றது, நகல் இல்லை என்றால் இந்த இடத்தில் தரவு மீட்பு வல்லுநரிடம் கொடுத்துவிடுங்கள். டிஸ்க்கில் தட்டும் சத்தம் கேட்டால் மின்சாரத்தையே கொடுக்க வேண்டாம்.

### சுற்றிவந்து எழுதுகிறதா என்று கண்டுபிடிப்பது

இந்தச் சோதனையை நான் அடிக்கடி செய்வேன். ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் போதும். 1 எம்பி துண்டுகளாக 6 ஜிபி கோப்பு ஒன்றை எழுதுங்கள். ஒவ்வொரு துண்டின் தலையிலும் அதன் வரிசை எண்ணையே எழுதுங்கள். 'சிங்க்' போட்டு, கேஷைக் காலி செய்துவிட்டு, திரும்பப் படியுங்கள்.

எல்லாத் துண்டிலும் அதன் எண் இருந்தால் நல்லது. துண்டு 0 இருக்க வேண்டிய இடத்தில் 4096 என்று இருந்தால், 4 ஜிபியைத் தாண்டியதும் எழுத்து கோப்பின் தலைக்கே திரும்பி வந்திருக்கிறது. டிஸ்க் அளவுகளில் 4 ஜிபி என்ற எல்லை இப்போது எதிலும் இல்லை, ஆகவே அது மென்பொருள் குற்றம். வேறு டிஸ்க்கில், வேறு ஃபைல்சிஸ்டத்தில் இதே சோதனையை ஓட்டுங்கள். ஒரு ஃபைல்சிஸ்டத்தில் மட்டும் வந்தால் அந்த டிரைவர். எல்லாவற்றிலும் வந்தால் உங்கள் ஸ்கிரிப்டை மறுபடி பாருங்கள்.

## அறிகுறி: அப்டேட் போட்ட பிறகுதான் வந்தது, பழைய கெர்னலில் வரவில்லை

கெர்னலைச் சந்தேகிக்க இதுதான் சரியான அடிப்படை. 'கிரப்' மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து பூட் செய்து, அதே சோதனையை அதே டிஸ்க்கில் ஓட்டுங்கள். பழையதில் சரி, புதியதில் தவறு, மறுபடி பழையதில் சரி. மூன்று படியும் நடந்தால்தான் குற்றச்சாட்டு நிற்கும்.

அதுவரை பழைய கெர்னலிலேயே இருங்கள். பேக்கேஜ் மேலாளரில் அந்தப் பதிப்பைப் பிடித்து வைத்துவிடுங்கள். 2023 டிசம்பரில் டெபியன் பயனர்கள் இதைத்தான் செய்ய வேண்டியிருந்தது. 6.1.64 கெர்னலில் எக்ஸ்ட்4-க்கான ஒரு திருத்தத்தைப் புதிய பதிப்பிலிருந்து எடுத்து வந்தார்கள், ஆனால் அது நம்பியிருந்த இன்னொரு திருத்தம் கூட வரவில்லை. விளைவு, நேரடி எழுத்தின்போது (கேஷைத் தாண்டி டிஸ்க்குக்கே எழுதுவது) கோப்பில் அடுத்து எழுத வேண்டிய இடம் தவறாக நகர்ந்தது. டெபியன் 12.3 இமேஜ்களையே நிறுத்தி வைத்தார்கள்; 6.1.66-இல் சரியானது. எனவே உங்கள் பதிப்பு எண்ணைத் தேடிப் பாருங்கள், ஏற்கெனவே திருத்தம் வந்திருக்கலாம்.

### 32-பிட் கெர்னல், 8 டிபிக்கு மேல் எட்டவில்லை

பழைய 32-பிட் ஸ்டோரேஜ் பெட்டிகளில் பெரிய டிஸ்க் மாட்டியவர்களுக்கு வந்த பிரச்சினை. 8796093022208 பைட்டுக்கு அப்பால் எதையும் படிக்க முடியாது. 32-பிட் கெர்னலால் 4 கேபி பக்கங்களாக 16 டிபிவரை எண்ண முடியும், ஆனால் உச்ச அளவைச் சொல்லும் மேக்ரோவில் அதன் பாதிதான் எழுதியிருந்தது. அந்த வரம்பைக் கண்டிப்பாகச் சரிபார்க்கும் கோடு வேறொரு காரணத்துக்காகச் சேர்ந்ததும் இது வெளியே தெரிந்தது. 2017 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த மேக்ரோவைத் திருத்தினார், 4.13-இல் வந்தது. உங்கள் பெட்டியில் 'யுனேம் -ஆர்' அதற்கு முந்தையது என்றால் கெர்னலை உயர்த்துங்கள். 16 டிபிக்கு மேல் வேண்டுமென்றால் 64-பிட்டுக்குத்தான் போக வேண்டும்.

## கெர்னல்தான் என்று உறுதியான பிறகு

முதலில் சோதனையைச் சின்னதாக்குங்கள். 16 டிபி எல்லையைச் சோதிக்க 16 டிபி டிஸ்க் தேவையில்லை. 'டிரங்கேட் -எஸ்' கொண்டு வெற்றிடக் கோப்பை நீட்டி, எல்லையைச் சுற்றி மட்டும் எழுதிப் படித்தால் போதும். எல்லைக்கு ஒரு பைட் முன்னால், சரியாக எல்லையில், ஒரு பைட் பின்னால். அப்புறம் எல்லையை நடுவில் வைத்துக் குறுக்கே ஒரு எழுத்து. பிழைகள் அந்தக் கடைசி வகையில்தான் அதிகம் மாட்டும். இதையெல்லாம் விர்ச்சுவல் மெஷினில் செய்யுங்கள், உங்கள் தரவு இருக்கும் மெஷினில் வேண்டாம்.

'டெய்ன்டட்' கோப்பில் (கெர்னலில் வெளிக் கோடு போன்றவை கலந்திருக்கிறதா என்று காட்டுவது) 0 இருக்கிறதா பாருங்கள். வெளி டிரைவர் ஏதாவது ஏறியிருந்தால் அதை எடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். இல்லையென்றால் நீங்கள் சொல்வதைப் பராமரிப்பாளர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நல்ல பதிப்பும் கெட்ட பதிப்பும் தெரிந்தால் 'கிட் பைசெக்ட்'. ஒரு வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பதினாலாயிரம் மாற்றங்கள் இருந்தாலும், பாதிபாதியாக வெட்டிக்கொண்டே போனால் பதினாலு முறை கம்பைல் செய்வதற்குள் குற்றவாளி மாற்றம் கையில் இருக்கும். கோடு புரியாவிட்டாலும் இதைச் செய்யலாம். பராமரிப்பாளருக்கு நீங்கள் கொடுக்கக்கூடியதில் இதைவிட மதிப்புள்ளது எதுவும் இல்லை.

கோடு படிப்பவர் என்றால், 4 ஜிபியில் சுற்றிவரும் பிழைக்குத் தேட வேண்டிய இடம் ஒன்று உண்டு. பக்க எண்ணை 12 பிட் இடப்பக்கம் நகர்த்திப் பைட் இடமாக மாற்றும் வரிகள். பக்க எண்ணின் வகை 'அன்சைன்ட் லாங்'. 32-பிட் கெர்னலில் அது 32 பிட்தான். விடையை வைக்கும் மாறி 64-பிட் 'எல்ஆஃப்_டி' வகையாகவே இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் நகர்த்தும் கணக்கு 32 பிட்டிலேயே நடந்து, மேல் பிட்டுகள் உதிர்ந்து, அதற்குப் பிறகுதான் மாறிக்குள் போகிறது. பக்க எண் 1048576 வந்ததும் விடை 0. நகர்த்துவதற்கு முன்பே 'எல்ஆஃப்_டி' என்று காஸ்ட் போட வேண்டும், அல்லது அதற்கென்றே இருக்கும் 'பேஜ்_ஆஃப்செட்' ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். திருத்தம் ஒரே வார்த்தை. ஆனால் அதே வரி அந்த டிரைவரில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடாமல் விட்டால் அடுத்த மாதம் அதே பிழை வேறு வாசல் வழியாக வரும். 64-பிட் கெர்னலிலும் பிளாக் எண்ணையோ நீளத்தையோ 'இன்ட்' வகையில் வைத்த இடங்கள் இதே மாதிரி கடிக்கும்.

திருத்தியதும் எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற ஃபைல்சிஸ்டம் சோதனைத் தொகுப்பை அந்த ஃபைல்சிஸ்டத்தின் மேல் ஓட்டுங்கள். 'கெட்_மெய்ன்டெய்னர்' ஸ்கிரிப்ட் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும். பேட்ச் கடிதத்தில் எந்த மாற்றம் பிழையைக் கொண்டுவந்தது என்ற 'ஃபிக்சஸ்' வரியும், பழைய பதிப்புகளுக்கும் போக வேண்டுமென்றால் ஸ்டேபிள் குழுவுக்கான வரியும் இருக்கட்டும். உங்கள் சின்ன சோதனை ஸ்கிரிப்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

கம்பெனி சர்வர், காசு கட்டி சப்போர்ட் வாங்கிய டிஸ்ட்ரோ என்றால் நீங்களே கம்பைல் செய்த கெர்னலை அதில் ஏற்றாதீர்கள், ஒப்பந்தத்துக்கு வெளியே போய்விடுவீர்கள். பைசெக்ட் முடிவை சப்போர்ட்டிடம் கொடுத்துத் திருத்திய பேக்கேஜைக் கேளுங்கள். ரெய்டு அமைப்பில் (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்தது) இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் பிழை காட்டினாலும், டேட்டாபேஸ் கோப்புக்குள் சிதைவு வந்து அதன் பேக்கப்பிலும் அதே சிதைவு ஏறியிருந்தாலும், மேலே உள்ள எதையும் தொடராதீர்கள். சர்வீஸை நிறுத்துங்கள், டிஸ்க்குகளை ரீட்-ஒன்லியாக மாற்றுங்கள், அந்த அமைப்பைத் தெரிந்தவரை அழையுங்கள். அவர் வரும்போது முதலில் கேட்கப்போவது நீங்கள் குறித்துவைத்த பைட் எண்ணையும், டிமெஸ்ஜி வெளியீட்டையும், அதற்குப் பிறகு என்னென்ன கட்டளை போட்டீர்கள் என்ற பட்டியலையும்தான். மூன்றையும் வேறு டிஸ்க்கில் சேமித்து வையுங்கள்.